துர்காபாய் தேஷ்முக் சாலை: என் மாணவிக்கு நான் சொன்ன தவறான பதில்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிப் பாடத்தை முடிக்கும் டீச்சர்தானே நான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவள் வக்கீல். இலவச சட்ட உதவிக்காக மாதத்தில் சில நாட்கள் பெண்கள் சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். "மிஸ், இன்னிக்கு ஒரு அம்மா என்கிட்ட, 'என் மேல என்ன கேஸ்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா'ன்னு கேட்டாங்க. உள்ளே வந்து ஏழு மாசம் ஆச்சாம். தன் மேல என்ன வழக்குன்னே அவங்களுக்குத் தெரியல" என்றாள். சொல்லும்போது குரல் கம்மியது.

போனை வைத்த பிறகு இவள் பள்ளிக்கூடத்தில் படித்த நாள் ஒன்று ஞாபகம் வந்தது. பல வருடங்களுக்கு முன்பு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் பேருந்தில் அழைத்துப் போனோம். அடையாறு பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. இதே பெண் ஜன்னல் வழியாகப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "மிஸ், துர்காபாய் தேஷ்முக் யாரு?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "நிதி அமைச்சரா இருந்த தேஷ்முக்கோட மனைவி. மராத்திக்காரங்க" என்று சொல்லி, அடுத்த பிள்ளையை உட்காரச் சொல்லி அதட்டப் போய்விட்டேன்.

சமூக அறிவியல் டீச்சர் சொன்ன பதில் அது! மனைவி என்பது உண்மை. மராத்திக்காரர் என்பது தவறு. அதைவிடப் பெரிய தவறு, அந்தப் பெண்மணியின் வாழ்க்கை முழுவதையும் "ஒருவரின் மனைவி" என்ற சொல்லில் அடக்கிவிட்டது. அவர் ராஜமுந்திரியில் பிறந்த தெலுங்குப் பெண். நம் மயிலாப்பூரில் வாழ்ந்து, படித்து, வழக்காடி, இங்கிருந்தே நாடாளுமன்றத்துக்குப் போனவர். என் மாணவி இன்றைக்குச் சிறையில் கேட்ட கேள்வியைத் தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே வேலூர் சிறையில் கேட்டவர்.

ஆகவே இந்தப் பதிவு அந்தப் பெண்ணுக்கு நான் பாக்கி வைத்த பதில். நீங்களும் கேளுங்கள்.

துர்காபாய் பிறந்தது 1909 ஜூலை 15. அக்கால வழக்கப்படி எட்டு வயதிலேயே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். விவரம் தெரிந்த வயதில் அந்தத் திருமணம் தனக்கு வேண்டாம் என்று சொன்னார். அப்பாவும் தம்பியும் துணை நின்றார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் அப்படிச் சொன்னதும், வீட்டார் அதை ஏற்றுக்கொண்டதும் சாதாரண விஷயமில்லை.

1921ல் காந்தி காக்கிநாடாவுக்கு வந்தார். துர்காபாய்க்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தேவதாசிப் பெண்களும் கோஷா அணிந்த முஸ்லிம் பெண்களும் காந்தியைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று விரும்பினார். 5,000 ரூபாய் திரட்டித் தந்தால் நேரம் ஒதுக்குவதாக உள்ளூர்த் தலைவர்கள் சொன்னார்கள். சின்னப் பெண்தானே, எங்கே திரட்டப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பெண்களே பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். காந்தி வந்தார், ஒதுக்கிய நேரத்தையும் தாண்டிப் பேசினார். அவருடைய இந்திப் பேச்சைத் தெலுங்கில் மொழிபெயர்த்தது இந்தச் சிறுமி.

1923ல் காக்கிநாடா காங்கிரஸ் மாநாடு. கண்காட்சி வாசலில் தொண்டராக நின்றவருக்கு வயது 14. சீட்டு இல்லாமல் வந்த ஒருவரை உள்ளே விடாமல் நிறுத்திவிட்டார். நிறுத்தப்பட்டவர் ஜவஹர்லால் நேரு! அமைப்பாளர்கள் பதறினார்கள். சீட்டு வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவர் உள்ளே போனார். இந்தக் கதையை நான் முன்பே அறிந்திருந்தால், வகுப்பறைக் காவலுக்கு நின்ற உங்கள் எல்லா லீடர்களுக்கும் சொல்லியிருப்பேன்.

1930ல் உப்புச் சத்தியாகிரகம். வடக்கே தண்டி என்றால் தமிழ்நாட்டில் ராஜாஜியின் வேதாரண்யம். சென்னை நகரத்தில் முன்னால் நின்றவர்கள் பிரகாசமும் நாகேஸ்வர ராவும். லஸ் பக்கம் நாம் காலை நடை போகிறோமே, நாகேஸ்வர ராவ் பூங்கா, அந்த அமிர்தாஞ்சன் நாகேஸ்வர ராவ்தான். அவர்களோடு சேர்ந்து பணியாற்றிய துர்காபாய் 1930 மே 25ல் கைதானார். இருபது வயது. அதிலிருந்து 1933க்குள் மூன்று முறை சிறை.

மதுரைச் சிறையில் தனிமைக் கொட்டடி. ஏறக்குறைய ஒரு வருடம். தூக்குத் தண்டனைக் கைதிகளின் அறைகளுக்குப் பக்கத்தில் அவருடைய அறை. உடம்பு நொறுங்கிப் போனது. வெளியே வந்த பிறகும் வெகுநாள் அவதிப்பட்டார்.

ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பியது வேலூரில் இருந்த பெண்கள் சிறை. அங்கே அரசியல் கைதிகள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் கொலை, திருட்டு என்று தண்டனை பெற்ற ஏழைப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். துர்காபாய் அவர்களோடு உட்கார்ந்து கதை கேட்டார். பலருக்குத் தங்கள் வழக்கில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. சாட்சி யார், சட்டம் என்ன சொல்கிறது, எதை எப்படி எடுத்துச் சொல்லித் தப்பியிருக்கலாம் என்று எதுவும் தெரியாது. வக்கீல் வைக்க வழியில்லை. அவர்களில் சிலராவது செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருக்கிறார்கள் என்ற எண்ணம் துர்காபாய்க்கு வந்தது. அன்றைக்கே முடிவு செய்தார்: வெளியே போனால் சட்டம் படிக்க வேண்டும்.

சுதந்திரப் போரில் சிறைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். பலர் சிறை அனுபவத்தை எழுதினார்கள். ராஜாஜி கூட வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதியவர்தான். ஆனால் பக்கத்து அறையில் இருந்த சாதாரணக் கைதிக்காகத் தன் வாழ்க்கைத் திட்டத்தையே மாற்றிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? என் கணக்கில் துர்காபாய்க்கு முதல் வரிசையில் இடம்.

சட்டம் படிப்பது என்ன சுலபமா? அவர் பள்ளிப் படிப்பையே சிறு வயதில் விட்டவர். முதலில் காசி இந்து சர்வகலாசாலையின் மெட்ரிக் தேர்வை எழுதித் தேறினார். பிறகு ஆந்திர சர்வகலாசாலைக்கு விண்ணப்பித்தார். பெண்களுக்கு விடுதி இல்லை என்று துணைவேந்தர் சி.ஆர். ரெட்டி தயங்கினார். படிக்க விரும்பும் பெண்களைத் தேடிப்பிடித்து, துர்காபாய் தானே ஒரு விடுதியைத் தொடங்கிவிட்டார்! அரசியல் விஞ்ஞானத்தில் ஆனர்ஸ் முடித்தபோது வயது 30. பிறகு சென்னையில் சட்டம். 1942ல் வக்கீலாகப் பதிவு செய்தார். கிரிமினல் வழக்குகளில் பெயரெடுத்தார். சிறையில் எடுத்த முடிவு நிறைவேற ஏறத்தாழ பத்து வருடம் ஆனது.

இதற்கு நடுவே மயிலாப்பூரில் இன்னொரு வேலை நடந்தது. அக்கம்பக்கத்துச் சிறுமியருக்காக ஒரு சங்கம் போல ஆரம்பித்தது. அப்புறம், தான் எழுதிய அதே காசி மெட்ரிக் தேர்வுக்குப் பெண்களைத் தயார்படுத்தும் வகுப்பாக மாறியது. விதவைகள், கணவர் கைவிட்டவர்கள், பத்து வயதில் படிப்பை நிறுத்தியவர்கள் எல்லோரும் வந்தார்கள். 1937ல் பிறந்த ஆந்திர மகிளா சபாவின் வேர் இது. பின்னாளில் அடையாறு பாலத்தருகே மருத்துவமனையும், கை கால் ஊனமுற்ற குழந்தைகளுக்கான சிகிச்சை மையமும் வளர்ந்தன. நம்மில் எத்தனை பேர் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்திருப்போம்! என் தங்கை பெண் அங்கேதான் பிறந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தபோதுகூட, இதை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டது இதே மயிலாப்பூரில், ராயப்பேட்டை நெடுஞ்சாலை வீட்டில். சென்னை யாருக்கு என்று தெலுங்கரும் தமிழரும் முறைத்துக்கொண்ட காலம் அது. 1953 அக்டோபர் 1ல் ஆந்திரம் பிரிந்து போனது. ஆனால் பெயரிலேயே ஆந்திரம் வைத்திருந்த சபா இங்கேயே இருந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம் என்ன பாஷை பேசுகிறாய் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

சரி, நாடாளுமன்றத்துக்கு வருவோம்.

1946ல் அரசியல் நிர்ணய சபைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து துர்காபாய் தேர்வானார். மொத்தச் சபையில் பெண்கள் 15 பேர்தான். நம் மாகாணத்திலிருந்து அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன், துர்காபாய். தலைவர் இல்லாத நேரத்தில் சபையை நடத்தும் பட்டியலில் இடம் பெற்ற ஒரே பெண் துர்காபாய். வாய் மூடி உட்கார்ந்திருக்கவில்லை. திருத்தங்களாகக் கொண்டுவந்தார். மாநிலங்களவை உறுப்பினராக 35 வயது வேண்டும் என்று இருந்ததை 30 ஆகக் குறைக்க வேண்டும் என்று வாதாடினார். இன்றைக்கும் அரசியல் சட்டத்தில் 30தான். சிறு வயதிலேயே இந்தி கற்பித்தவர், ஆனாலும் மொழி விவாதம் வந்தபோது, இந்தியைப் பரப்பும் முறையே இந்தி பேசாதவர்களிடம் கசப்பை வளர்க்கிறது என்று சபையில் சொன்னார். சொன்னது நமக்குப் புரியும்.

கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், அவர் விருப்பப்பட்ட வக்கீலைக் கலந்து பேச அனுமதிக்க வேண்டும் என்ற 22ஆம் பிரிவை நிறைவேற்றியதும் அந்தச் சபைதான். வேலூரில் பார்த்த பெண்களின் முகம் அப்போது அவர் மனதில் வந்திருக்காதா என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது வங்கிக் கதை. "டீச்சர், சிறையிலிருந்து வங்கிக்கு எப்படிப் போனீங்க?" என்று கேட்கிறீர்களா? பொறுங்கள்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு வங்கி என்றால் பழைய காயம் ஒன்று உண்டு. 1906 அக்டோபர் 22ல் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், கோயில் தர்மப் பணம் என்று போட்டவர்கள் எல்லாம் தெருவுக்கு வந்தார்கள். கம்பெனியை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். அந்தச் சாம்பலிலிருந்துதான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யரும் நண்பர்களும் 1907ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். 1938ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடியபோது மறுபடி அதே அழுகை. வங்கி விழும்போது முதலில் நசுங்குவது சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பெண்கள் அதில் பாதி.

சிந்தாமன் துவாரகாநாத் தேஷ்முக் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். 1943ல் ரிசர்வ் வங்கியின் கவர்னரான முதல் இந்தியர். 1944ல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவர். 1949 ஜனவரி 1ல் ரிசர்வ் வங்கி நாட்டுடைமையானபோதும் அவர்தான் கவர்னர். அதே ஆண்டு வங்கிக் கம்பெனிகள் சட்டம் வந்தது. நினைத்தவர் நினைத்த இடத்தில் வங்கி திறக்க முடியாது, உரிமம் வேண்டும், ரிசர்வ் வங்கி உள்ளே வந்து கணக்கைப் பார்க்கும் என்றாயிற்று. இந்தச் சட்டம் நிறைவேறிய சபையில்தான் துர்காபாயும் உறுப்பினராக இருந்தார். இருவரும் நெருங்கிப் பழகியது அதற்குப் பிறகு.

1952 பொதுத்தேர்தலில் துர்காபாய் தோற்றுப்போனார். ஆமாம், தோற்றார். பெரியவர்களின் கதையைச் சொல்லும்போது தோல்வியை விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. நேரு அவரைத் திட்டக் கமிஷன் உறுப்பினராக்கினார். நிதி அமைச்சர் தேஷ்முக்கும் அங்கே உறுப்பினர். அவர் மனைவியை இழந்தவர், வயது 57. இவருக்கு 43. 1953 ஜனவரி 22ல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் நேரு. முப்பது வருடத்துக்கு முன்னால் வாசலில் நிறுத்தப்பட்ட அதே நேரு!

அமைச்சராக தேஷ்முக் செய்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1955 ஜூலை 1ல் இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கி ஆனது. ஐந்து வருடத்தில் 400 புதுக் கிளைகள் திறக்க வேண்டும் என்று அதற்குக் கட்டளை. வங்கி இல்லாத ஊர்களுக்கு வங்கி போக வேண்டும் என்பதுதான் நோக்கம். மறு வருடம், பம்பாய் நகரம் மகாராஷ்டிரத்துக்கு இல்லை என்ற நிலை வந்தபோது, அதை எதிர்த்துப் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார்.

துர்காபாய் 1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ 4 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள். அணைக்கும் ஆலைக்கும் போட்டது போக, அநாதைக் குழந்தைக்கும் கைவிடப்பட்ட பெண்ணுக்கும் அரசாங்கப் பணம் போக வழி திறந்தது அப்போதுதான்.

இங்கே சிறை மறுபடி வருகிறது. விடுதலையாகி வருகிறவர்களுக்கு என்ன செய்வது என்று ஆராய வாரியம் ஒரு ஆலோசனைக் குழுவை அமைத்தது. எம்.எஸ். கோரே அதன் தலைவர். யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் தண்டனை முடிந்து வெளியே வருகிறாள். கையில் பஸ் செலவுக்குக் காசு. புருஷன் வீட்டுக் கதவு திறக்காது. பிறந்த வீட்டில், "தங்கச்சி கல்யாணம் ஆகணும், நீ வராதே" என்பார்கள். அவள் அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பாள்? அந்த முதல் ராத்திரிக்கும், அதற்குப் பின்னான வாழ்க்கைக்கும் வழி செய்யாமல் விட்டால் தண்டனை முடிந்ததாகவே ஆகாது. இந்தச் சிந்தனையிலிருந்துதான் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் விடுதலையானவர்களுக்கான இல்லங்கள், மாவட்டப் புகலிடங்கள் என்ற ஏற்பாடு வந்தது.

துர்காபாய் சிறைக் கையேடு எழுதியவர் அல்ல. சிறைக் கமிஷன் எதற்கும் அவர் தலைமை வகிக்கவில்லை. அதனால் சிறைச் சீர்திருத்தவாதிகள் பட்டியலில் அவர் பெயரைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. என் எண்ணம் வேறு. சிறைக்குள் வருவதற்கு முன்பு அந்தப் பெண்ணுக்கு என்ன இல்லை என்று பார்த்தார்: படிப்பு, சட்ட அறிவு, கையில் ஒரு தொழில். வெளியே போன பிறகு என்ன இல்லை என்று பார்த்தார்: தங்க இடம், சம்பாத்தியம், மரியாதை. சிறைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை செய்தவர் அவர். குறையே இல்லை என்று சொல்லவில்லை. அரசு மானியத்தை நம்பி நின்ற பல சங்கங்கள் பின்னாளில் மானியத்துக்காகவே நடந்தன என்ற விமர்சனம் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

1953ல் சீனா போய் வந்தவர், குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று நேருவிடமும் நீதிபதிகள் சாக்ளா, கஜேந்திரகட்கர் ஆகியோரிடமும் பேசினார். குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது 1984ல். அவர் 1981 மே 9ல் காலமாகிவிட்டார். அடுத்த வருடம், காந்தி பிறந்த நாளில் தேஷ்முக்கும் போய்ச் சேர்ந்தார்.

இனிமேல் சொல்லப்போவது என் வீட்டு விஷயம். உறவுகள் மன்னிக்க வேண்டும்.

பெரிய அத்தையை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். 19 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தைகூட இல்லாமல், பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். சமையலறையே கதி என்று ஐந்து வருடம். அப்புறம் ஒரு நாள் தாத்தாவை எதிர்த்துப் பேசி, மயிலாப்பூரில் நடந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தார். ஐந்தாவது வரை படித்தவர் இரண்டே வருடத்தில் மெட்ரிக். பிறகு ஆசிரியர் பயிற்சி. பிறகு 28 வருடம் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டியது அவர். நான் டீச்சரானதே அவரைப் பார்த்துத்தான்.

அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு பட்டுப் புடவை. துணியில் சுற்றிய ஒரு சான்றிதழ். ஒரு வங்கி பாஸ்புக், முதல் சம்பளத்தில் ஆரம்பித்த கணக்கு. முதல் வரவு 10 ரூபாய். அவ்வளவுதான். சான்றிதழில் "சுருக்கப் படிப்பு" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாணவியின் போனுக்குப் பிறகு துர்காபாயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிப்பை நிறுத்திய வயது வந்த பெண்களுக்கு இரண்டு வருடத்தில் பள்ளிப் படிப்பை முடித்துக் கொடுக்கும் திட்டத்தை 1958ல் சமூக நல வாரியம் நாடு முழுக்க ஆரம்பித்தது என்று ஒரு பக்கத்தில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். மயிலாப்பூரில் காசி மெட்ரிக்குக்காக நடத்திய வகுப்பையே நாடு முழுக்கக் கொண்டு போயிருக்கிறார். அந்த வகுப்பில்தான் என் அத்தை உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்திருக்கிறேன். "யாரு மிஸ்?" என்று குழந்தை கேட்டபோது, "நிதி அமைச்சரோட மனைவி" என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

நன்றி கெட்டவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் திட்டிக்கொண்டு என்ன பயன்? டீச்சர் தவறு செய்தால் கரும்பலகையில் அழித்துவிட்டுச் சரியானதை எழுத வேண்டும். அதைத்தான் இப்போது செய்கிறேன்.

இன்றைக்கும் நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். ஏழைக்கு இலவச சட்ட உதவி அரசின் கடமை என்று அரசியல் சட்டத்தில் 39அ பிரிவு சேர்ந்தது 1976ல். அதற்கான சட்டம் 1987ல். நடைமுறைக்கு வந்தது 1995ல். வேலூரில் 1930களில் கேட்ட கேள்விக்கு ஏட்டில் பதில் வரவே அறுபது வருடம். என் மாணவி சந்தித்த அந்த அம்மாவுக்கு இன்னும் வரவில்லை.

ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கேட்கும் உரிமை அந்தச் சட்டத்தில் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும், வாட்ச்மேனுக்கும், ஆட்டோக்காரருக்கும் சொல்லி வையுங்கள். தெரியாமல் உள்ளே போய் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் குறைந்தாலும் போதும்.

தில்லி மெட்ரோவில் ஒரு நிலையத்துக்கு துர்காபாய் தேஷ்முக் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குச் சாலையே இருக்கிறது. அடுத்த முறை சிவாஜி மணிமண்டபத்தைத் தாண்டி அடையாறு பாலம் ஏறும்போது, பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். "யாரு?" என்று கேட்டால், சிறையில் பார்த்த பெண்களுக்காக வக்கீலுக்குப் படித்தவங்க என்று ஆரம்பியுங்கள். மீதியை மெதுவாகச் சொல்லலாம்.

அம்மா வக்கீலே, உன் பழைய கேள்விக்குப் பதில் இதுதான். தாமதத்துக்கு மன்னித்துவிடு. அடுத்த தடவை சிறைக்குப் போகும்போது, அந்த அம்மாவின் வழக்கு என்ன என்று பார்த்துச் சொல்லிவிட்டாயா என்று எனக்கு ஒரு வரி எழுது. காத்திருப்பேன்.

எங்காவது நான் தவறாக எழுதியிருந்தால் கூச்சப்படாமல் திருத்துங்கள். இந்த வயதிலும் கற்றுக்கொள்ள ஆசை.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் டீச்சர்
மயிலாப்பூர்